மழை நின்றால் பந்து, பெய்தால் பாட்டு

வாசகர் கேள்வி – பதில்

கல்லூரிக் கூடைப்பந்து, ராப் பாட்டு இரண்டையும் பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கேள்விகள் இம்முறை அதிகம். பல கடிதங்களில் இரண்டும் ஒரே தாளில் இருந்தன. நாங்களும் பிரிக்கவில்லை.

கோத்தகிரி, இரண்டாம் ஆண்டு மாணவர்: எங்கள் கல்லூரி அணிக்காக நான் எழுதிய ராப் இது: ‘நான் பந்தை எடுக்குறேன், நான் வேகமா ஓடுறேன், நான் கூடையில போடுறேன், நான் ஜெயிச்சுக் காட்டுறேன்.’ எதுகை சரியாகத்தானே இருக்கிறது? பசங்க கேட்டுவிட்டு ‘தேர்தல் கோஷம் மாதிரி இருக்குடா’ என்கிறார்கள்.

உங்கள் வரிகளில் இருப்பது எதுகை அல்ல, இயைபு, அதாவது வரிக்கடைசி ஒன்றுவது. அதுவும் இலவசமாகக் கிடைத்த இயைபு. தமிழில் வினைச்சொல் வரியின் கடைசியில்தான் வந்து நிற்கும். நீங்கள் தேடாமலே ‘றேன்’ வந்து சேர்ந்துவிடும், அதனால் காது அதை ஒரு சாமர்த்தியமாகவே எடுத்துக்கொள்ளாது. விகுதி ஒன்றாக இருப்பதில் குற்றமில்லை. விகுதிக்கு முன்னால் நிற்கும் வேர்ச்சொல்லும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் நான்கு வரிகளில் ‘ஓடுறேன், போடுறேன்’ மட்டும் உண்மையான ஜோடி. அடுத்த சிக்கல், ஒவ்வொரு வரியையும் ‘நான்’ என்று தொடங்கியது. எதுகை உட்காரவேண்டிய இடமே வரித் தொடக்கம்தான். அங்கே நாலு ‘நான்’ உட்கார்ந்துவிட்டால் அதற்கு ஏது இடம்?

அதே மைதானத்தை வைத்து இப்படி எழுதிப் பாருங்கள்:

பனி விழுந்த சிமெண்டுத்தரை, பந்து வழுக்குது
குனி, குனின்னு மலைக்காத்து காலை இழுக்குது
தனியா நிக்குது ரிங்கு, வலை கிழிஞ்சு தொங்குது
இனி ஒரே ஒரு ஷாட்டு ... ஊரே தூங்குது

பனி, குனி, தனி, இனி: இரண்டாம் எழுத்து ஒன்றுவதுதான் எதுகை. வரிக்கடைசியில் ‘குது’ பொதுவாக இருந்தாலும் வழுக்கு–இழுக்கு, தொங்கு–தூங்கு என்று வேர் மோதுகிறது. காதுக்கு வேலை இருக்கிறது.

இனி எண்ணிக்கை. ராப்பில் ஒரு பார் என்பது நான்கு தாள அடி. ஒவ்வோர் அடிக்குள்ளும் நான்கு கட்டம், ஆக 16 கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு உயிர் ஒலி. இதை எண்ணத் தமிழ் எழுத்தைப்போல் வசதி வேறில்லை: புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மீதியை எண்ணினால் போதும். முதல் வரியை எண்ணுங்கள், சரியாக 16 வரும். ஒற்று நீக்கி எண்ணுவது நமக்குப் புதிதும் அல்ல. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் நேரசையில் தொடங்கும் வரிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17.

இரண்டாவது வரியில் 15தான் இருக்கிறது. ‘காலை’யில் வரும் ‘கா’வை ஒரு கட்டம் நீட்டினால் ‘இழுக்குது’வின் ‘ழுக்’ 14ஆம் கட்டத்தில் விழும். முதல் வரியில் ‘வழுக்குது’வின் ‘ழுக்’ விழுந்ததும் அதே 14தான். மூன்றாம் வரியின் ‘தொங்’கும் அங்கேதான். பீட்டில் சுள்ளென்று ஒலிக்கும் ஸ்நேர் டிரம் விழுவது 5லும் 13லும். ஆக ஸ்நேர் அடித்த கையோடு, அதன் பின்னாலேயே கனமான அசை வந்து இறங்குகிறது. ஸ்நேரின் மேலேயே இறங்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் நான்கு வரிகளையும் ஒரு கட்டம் முன்னதாகத் தொடங்குங்கள்.

நான்காவது வரியில் ‘ஷாட்டு’ முடியும்போது எட்டுக் கட்டம் ஆகிறது. அடுத்த மூன்று கட்டம் வெறுமை. பந்து காற்றில் இருக்கும் நேரம் அது. ‘ஊரே தூங்குது’வின் ஐந்து எழுத்தும் மீதியை நிரப்ப, ‘தூங்’ மறுபடியும் 14இல் உட்காரும். அந்த மூன்று கட்டத்தில் ‘பாரு மச்சான்’ என்று எதையாவது திணித்தால் பாட்டு செத்துவிடும்.

எழுத்து மீறினால் குற்றியலுகரத்தைப் புணர்த்துங்கள். ‘பந்து எடுத்து ஓடு’ ஏழு கட்டம் தின்னும். ‘பந்தெடுத்தோடு’ ஐந்தில் முடியும். சொல்லே வராவிட்டால் முதலில் ‘தகதிமி, தகிட’ என்று முனகிச் சந்தத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பழனி முருகன்மேல் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ்ப் பாட்டுகளுக்கு மேலே ‘தனதன தானன’ என்று சந்தக் குழிப்பு அச்சிட்டிருப்பார்களே, அதே முறை.

ஊட்டி, கல்லூரி அணித் தலைவர்: இங்கே நன்றாக எழும்பும் பந்து, போட்டிக்குக் கோவைக்கு எடுத்துப் போனால் சவசவ என்று ஆகிவிடுகிறது. திரும்பி வந்தால் கல்லுபோல் குதிக்கிறது. பந்தில் ஓட்டையா?

ஓட்டை இல்லை. மலைதான் காரணம். பந்தில் அச்சிட்டிருக்கும் ‘7 முதல் 9 பவுண்டு’ அழுத்தம் என்பது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதலாக இருக்கவேண்டும் என்ற கணக்கு. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 11.2 பவுண்டு. கோவையில் சுமார் 14. கீழே இறங்கினால் வெளிக்காற்று பந்தை இறுக்குகிறது, உள்ளே இருக்கும் காற்றின் மிச்ச பலம் குறைகிறது. வெயில் உள்காற்றைச் சூடாக்கி அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது, ஆனால் முழுவதையும் அல்ல. ஊட்டியில் 12 டிகிரிக் குளிரில் 8 பவுண்டு அடித்த பந்து, கோவையில் 32 டிகிரியில் சுமார் 6.5 காட்டும். அங்கே 8 அடித்து மேலே கொண்டுவந்தால் சுமார் 9.4, எல்லையைத் தாண்டிவிடுகிறது. கல்லுபோல் குதிப்பது அதனால்தான்.

செய்யவேண்டியது: பம்பும் ஊசியும் பந்துப் பையிலேயே இருக்கட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அடிக்காதீர்கள். பந்து அந்த ஊர்ச் சூட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். ஊசியில் ஒரு சொட்டு கிளிசரினோ தண்ணீரோ தடவி நேராகக் குத்துங்கள். காய்ந்த ஊசியைச் சாய்த்துக் குத்தினால் வால்வு கிழியும், அப்புறம் நிஜமாகவே ஓட்டைதான். அழுத்தமானி இல்லையென்றால் சுவரில் சாக்பீஸால் மூன்று கோடு: 1.8 மீட்டர், 1.4, 1.2. பந்தின் அடிப்பாகம் 1.8 கோட்டில் இருக்கும்படி பிடித்து விடுங்கள், தள்ளவேண்டாம். எழும்பும் பந்தின் உச்சி 1.2க்கும் 1.4க்கும் நடுவே நிற்கவேண்டும். ஈரத்தரையிலோ மண்தரையிலோ இந்தச் சோதனை செல்லாது. திரும்பி மலையேறும் முன் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

பந்தைவிடப் பெரிய வித்தியாசம் கால்களில். குளிரில் ஆடிப் பழகிய உடம்பு கோவை வெயிலில் முதல் பாதியிலேயே வற்றும். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அவ்வளவு முன்கூட்டி எந்தக் கல்லூரியும் அணியை இறக்காது. ஆகவே மாற்று ஆட்டக்காரர்களை வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறக்குங்கள். கீழே காற்றும் கொஞ்சம் அடர்த்தி. தூர ஷாட்டுகள் சில சென்டிமீட்டர் முன்னாலேயே இறங்கும். ஷாட் பழகும்போது முதல் 20 பந்தை மூன்று புள்ளிக் கோட்டிலிருந்தே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு ரிங்கின் மையத்திலிருந்து 6.75 மீட்டர்.

கொடைக்கானல், வாசகர்: போனில் பீட் ஓடவிட்டு, புளூடூத் இயர்போன் மாட்டிப் பாடிப் பதிவு செய்கிறேன். பாடும்போது தாளத்தில் இருக்கிறேன். கேட்டால் பின்னால் இழுக்கிறது.

உங்கள் தாளஞானத்தில் பழுதில்லை. புளூடூத் ஒலியைப் பல நேரம் நொடியில் ஆறில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் தாமதமாகத் தரும். நிமிடத்துக்கு 90 அடி ஓடும் பீட்டில் ஒரு கட்டத்தின் நீளமும் நொடியில் ஆறில் ஒரு பங்குதான். சரியாக ஒரு கட்டம் பிந்திக் கேட்டு, ஒரு கட்டம் பிந்திப் பாடுகிறீர்கள். கம்பி வைத்த இயர்போனுக்கு மாறுங்கள். முன்பே பாடிவைத்ததை எறியவேண்டாம். எடிட் செய்யும்போது குரல் டிராக்கை மட்டும் ஒரு கட்டம் முன்னால் இழுத்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

தகர ஓட்டில் மழை விழும்போது பதிவு செய்யாதீர்கள், எந்த வடிகட்டியும் அதை எடுக்காது. கம்பளியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். குளிரில் தொண்டை இறுகியிருக்கும். வெந்நீர் குடித்து, பத்து நிமிடம் மெதுவாக முனகிவிட்டு ஆரம்பியுங்கள்.

குன்னூர், கல்லூரி மாணவி: எங்கள் அணியில் ஐந்து பேரும் பந்து இருக்கும் இடத்துக்கே ஓடிவிடுகிறோம். கோச் ‘ஸ்பேஸ், ஸ்பேஸ்’ என்று கத்துகிறார். எவ்வளவு ஸ்பேஸ் என்று சொல்லமாட்டேன் என்கிறார்.

நாலு முதல் ஐந்து மீட்டர். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே அவ்வளவு இருந்தால் எதிரணியில் ஒருத்தி இரண்டு பேரைக் காவல் காக்க முடியாது. அதைவிடக் கூடினால் பாஸ் நடுவழியில் பறிபோகும். மைதானத்தில் ஐந்து இடங்களில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்: உச்சியில் ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று. விதி ஒன்றே ஒன்று. பாஸ் கொடுத்தவள் ரிங்கை நோக்கி வெட்டி ஓடவேண்டும், அவள் விட்ட வட்டத்தைப் பக்கத்து வட்டக்காரி நிரப்பவேண்டும், வெட்டி ஓடியவள் பந்து கிடைக்காவிட்டால் காலியான மூலைக்குப் போகவேண்டும். முதல் வாரம் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் டிரிப்ளிங் கிடையாது, பாஸ் மட்டும்.

இதில் வழக்கமாகக் கெடுவது, வெட்டி ஓடியவள் ரிங்குக்குக் கீழேயே நின்று கை நீட்டிப் பந்து கேட்பது. அவள் அங்கே நிற்கும்வரை அடுத்து ஓடுபவளுக்கு வழி இல்லை. எதிரணி ரிங்குக்கு முன்னால் வரைந்த கட்டத்துக்குள் தொடர்ந்து மூன்று நொடிக்கு மேல் நின்றால் பந்தும் போய்விடும். ராப்பில் ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லைத் திணிக்கிறவருக்கும் இதே வியாதிதான். காலி இடம் வீண் இடம் என்று நினைப்பு.

ஒரு உபாயம். நிமிடத்துக்கு 80 அடி ஓடும் பீட் ஒன்றைப் பயிற்சியில் ஓடவிடுங்கள். அந்த வேகத்தில் ஒரு பார் 3 நொடி. எட்டு பார் 24 நொடி, பந்து கிடைத்ததும் ஷாட் போட உங்களுக்கு உள்ள நேரம், அதாவது ஷாட் கடிகாரத்தின் அளவு. ஆறாவது பார் வரை பாஸ், வெட்டு, நிரப்பு. ஏழில் நல்ல ஷாட்டைத் தேடு, எட்டுக்குள் போடு. கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்காமலே நேரம் உடம்புக்குள் இறங்கிவிடும். 90 அடி பீட்டை எடுத்தால் 24 நொடிக்கு ஒன்பது பார் வரும், எண்ணத் தோதுப்படாது.

கூடலூர், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்: அமெரிக்கக் கல்லூரிகளின் ‘மார்ச்’ போட்டியைப் பற்றி என் மகன் ஓயாமல் பேசுகிறான். என்ன அது? எப்போது பார்ப்பது? ராப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டி அது. ஆண்களுக்கு 1939இல் எட்டு அணிகளுடன் தொடங்கியது. 1985இல் 64 ஆனது, 2011 முதல் 68. தோற்றால் வெளியே, இரண்டாம் வாய்ப்பு கிடையாது. நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. 1ஆம் அணி 16ஆம் அணியோடு, 2ஆம் அணி 15ஆம் அணியோடு என்று முதல் சுற்று. மொத்தம் 67 ஆட்டம், ஏறத்தாழ மூன்று வாரம்.

நம் நேரம் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்துக்கு அப்போது ஒன்பதரை மணி முன்னால் இருக்கும். அங்கே நண்பகலில் தொடங்கும் முதல் சுற்று நமக்கு இரவு ஒன்பதரை. ஆண்கள் இறுதியாட்டம் அங்கே திங்கள் இரவு. நமக்குச் செவ்வாய் காலை ஆறரை, ஏழு மணி. காலை டீயோடு பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம். மகனை இரவெல்லாம் விழிக்க விடாமல் இறுதியாட்டத்தை மட்டும் சேர்ந்து பாருங்கள்.

இங்கே ஆடும் விதிகளோடு குழப்பிக்கொள்ளவேண்டாம். நம் கல்லூரி ஆட்டம் உலகக் கூட்டமைப்பின் விதிப்படி பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதி, ஷாட்டுக்கு 24 நொடி. அங்கே ஆண்கள் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, பெண்கள் நான்கு பகுதி. ஷாட்டுக்கு 30 நொடி. அந்த ஆறு நொடி சின்ன அணிகளுக்குப் பெரிய வரம். மெதுவாக ஆடி, மொத்த வாய்ப்புகளைக் குறைத்து, பலசாலியின் பலத்தை மழுக்கலாம். 2018இல் ஆண்கள் போட்டியில் முதன்முறையாக ஒரு 16ஆம் அணி 1ஆம் அணியைச் சாய்த்தது: மேரிலாண்ட் பால்டிமோர் கவுண்டி 74, வர்ஜீனியா 54. (பெண்கள் இதை 1998லேயே செய்துவிட்டார்கள், ஹார்வர்டு ஸ்டான்ஃபோர்டை.) அவமானப்பட்ட அதே வர்ஜீனியா மறு ஆண்டு கோப்பையை வென்றது. சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்.

எல்லா முடிவையும் முன்கூட்டி ஊகித்து எழுதும் விளையாட்டும் உண்டு. 68 அணியை 64 ஆக்கும் முதல் நான்கு ஆட்டத்தைத் தள்ளினால் மீதி 63. நாணயம் சுண்டி எழுதுகிறவருக்கு எல்லாம் சரியாக அமைய, 9 போட்டு அதன்பின் 18 இலக்கம் வரும் எண்ணில் ஒரு வாய்ப்பு. காகிதத்தில் எழுதி மகிழுங்கள், பணம் வைக்கவேண்டாம்.

ராப் சம்பந்தம் கேட்டீர்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய விருந்தைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்தத் தெருக்களிலேயே கூடைப்பந்துக் களமும் இருந்தது. ஒரே பிள்ளைகள்தான் இரண்டிலும். கல்லூரி அரங்குக்குள் அந்தத் தெருவை அப்படியே கொண்டுவந்தவர்கள் 1991இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஐந்து முதலாண்டு மாணவர்கள்: கிறிஸ் வெப்பர், ஜேலன் ரோஸ், ஜுவான் ஹோவர்ட், ஜிம்மி கிங், ரே ஜாக்சன். தொளதொள டிரவுசர், கறுப்பு சாக்ஸ், ஹிப்ஹாப் நடை. 1992, 1993 இரண்டு ஆண்டும் இறுதியாட்டம் போனார்கள், இரண்டிலும் தோற்றார்கள். 1993இல் வடகரோலினாவுக்கு எதிராக இரண்டு புள்ளி பின்தங்கி, 11 நொடி மிச்சமிருக்க, வெப்பர் டைம்-அவுட் கேட்டார். அணியிடம் டைம்-அவுட் மிச்சமில்லை. டெக்னிக்கல் ஃபவுல் என்ற விதிமீறல் ஆனது, 77–71 என்று தோல்வி. பின்னர் பண விவகாரத்தில் அந்தக் காலத்து வெற்றிகள் பலவும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. டிரவுசர் மட்டும் நீளமாகவே நின்றுவிட்டது.

அவர் மகன், தனித்தாளில்: பந்தும் ராப்பும் இரண்டும் செய்து ஜெயித்தவர் உண்டா?

உண்டு. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஷகீல் ஓ’நீலின் 1993ஆம் ஆண்டு ராப் ஆல்பம் அமெரிக்காவில் பத்து லட்சம் விற்பனைக்கான பிளாட்டினம் சான்று பெற்றது. வீபர் ஸ்டேட்டில் ஆடிய டேமியன் லில்லார்ட் ஆட்டக்காரராக இருந்துகொண்டே ஆல்பம் போடுகிறார். ராப்பர் ஜே. கோல் 2021இல் ஆப்பிரிக்க லீகில் ருவாண்டா அணிக்காக இறங்கினார். வரி எழுதும் திறமையில் லில்லார்டைத்தான் முன்னால் வைப்போம். ஷாக்கின் ஆல்பத்தில் பாதி விற்பனை அவர் உயரத்துக்கு. நீ படிப்பை விட்டுவிடாதே, தம்பி. ஷாக், லில்லார்ட் இரண்டு பேரும் பின்னாளில் பட்டம் வாங்கியவர்கள்தான்.

பூம்பாறை, பள்ளி உடற்கல்வி ஆசிரியர்: எங்களுக்கு முழு மைதானத்துக்குச் சமதளமே இல்லை. இருக்கிற சிமெண்டுத் தளத்தில் பாசி. பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். பந்து தப்பினால் பள்ளத்துக்கு ஓடிவிடுகிறது.

முழுக் களம் 28க்கு 15 மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டால் 32க்கு 19. அடுக்கடுக்கான பூண்டு வயல் நடுவே அதைத் தேடவேண்டாம். மூவர் ஆட்டத்துக்குப் போங்கள் ஐயா. 15 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம், ஒரே ரிங். டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து பதக்க விளையாட்டு. பக்கத்துக்கு மூன்று பேர், வெளியே ஒரு மாற்று. பத்து நிமிடம், அல்லது யார் முதலில் 21 எடுக்கிறார்களோ அதுவரை. வளைகோட்டுக்கு உள்ளே போட்டால் 1, வெளியே இருந்து போட்டால் 2. ஷாட்டுக்கு 12 நொடி. 80 அடி பீட்டில் நான்கே பார். சர்வதேசப் போட்டிகளில் ஆட்டம் நடக்கும்போதே டி.ஜே. பாட்டு ஓடவிடுவது இதில் வழக்கம், உங்கள் பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும். பந்து 6ஆம் அளவு, எடை மட்டும் 7ஆம் அளவுக்குரியது. அது கிடைக்காவிட்டால் சாதாரண 6ஆம் எண்ணை வைத்து ஆரம்பியுங்கள்.

ரிங்கை மேட்டுப் பக்கம் நடுங்கள். போர்டைத் தாண்டிப் போகும் பந்து மண்மேட்டில் முட்டி நிற்கும். பள்ளத்துப் பக்கம் மூன்று, நான்கு மீட்டர் உயரத்துக்கு வலை. பழைய மீன்வலைகூடப் போதும், ஆனால் அடிப்பகுதியைத் தரையோடு கட்டாவிட்டால் பந்து அடியில் நுழைந்துவிடும். ரிங் உயரம் 3.05 மீட்டர். சின்னப் பிள்ளைகளுக்கு 2.6 மீட்டரில் இறக்கிவையுங்கள்; உயரத்துக்குப் பயந்து தோளிலிருந்து எறியப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். போர்டின் முகம் எல்லைக் கோட்டிலிருந்து 1.2 மீட்டர் உள்ளே இருக்கட்டும். கம்பத்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளி நட்டு, ஆள் உயரத்துக்குப் பழைய மெத்தைப் பஞ்சைக் கட்டுங்கள்.

பாசிக்கு: பத்து லிட்டர் தண்ணீரில் 200 கிராம் பிளீச்சிங் பவுடர். கையுறை போட்டு, காற்றோட்டத்தில் கரையுங்கள். ஊற்றி 15, 20 நிமிடம் ஊறவிட்டு, கெட்டித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தை இதோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கவேண்டாம். நச்சு வாயு வரும். கழுவிய தண்ணீர் பூண்டுப் பாத்திக்கோ ஓடைக்கோ போகாமல் முன்பே ஒரு குழி வெட்டிக்கொள்ளுங்கள். இதெல்லாம் செய்தும் இரண்டே மாதத்தில் பாசி திரும்பினால் தளத்தில் சரிவு இல்லை, தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு போதும். மேல்பூச்சு போடும்போது வழவழப்பாகத் தேய்க்கவிடாமல், ஈரத்திலேயே துடைப்பத்தால் கோடிழுக்கச் சொல்லுங்கள். ஷூ பிடிக்கும். அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

குன்னூர், ஒரு தாய்: என் மகள் வீட்டு முற்றத்தில் பத்துக்கு எட்டு ஃப்ரீ த்ரோ போடுகிறாள். மேட்சில் பத்துக்கு நாலு. எல்லாமே ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புகின்றன. பயமா அம்மா என்று கேட்டால் இல்லை என்கிறாள்.

அவள் சொல்வதை நம்பலாம். முன்விளிம்பில் பட்டால் அது பெரும்பாலும் களைத்த கால். முழங்கால் மடங்காமல் கையால் மட்டும் எறியும்போது பந்து தட்டையாகப் போகும். ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர், பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 24. பந்து 45 டிகிரிச் சாய்வில் இறங்கினால் அதற்குத் தெரியும் வாய் 32 சென்டிமீட்டர். 30 டிகிரியில் வெறும் 22.5, விளிம்பில் படாமல் நுழைய வழியே இல்லை.

முற்றத்தில் நின்ற இடத்திலேயே நூறு போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் ஓடவேண்டும், உடனே இரண்டு த்ரோ, மறுபடி ஓட்டம். இப்படிப் பத்து முறை. கோட்டில் நின்றதும் எப்போதும் ஒரே சடங்கு: இரண்டு தட்டு, ஒரு மூச்சு, முழங்கால் மடக்கு, விடு. நடுவர் பந்தைக் கொடுத்ததிலிருந்து ஐந்து நொடி இருக்கிறது. மூச்சுக்கான அந்த இடைவெளியைத்தான் மேட்சில் எல்லாரும் முதலில் விழுங்குவார்கள்.

கோத்தகிரி, படுக மொழி பேசும் வாசகர்: எங்கள் மொழியில் ராப் எழுதலாமா? தமிழ்தான் எடுபடும் என்கிறார்கள். இன்னொன்று, நாலு வரி தாண்டினால் எனக்கு மூச்சு வாங்குகிறது.

தாராளமாக எழுதலாம். எடுபடுமா என்பதை எழுதிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். வட்டமாக நின்று ஆடும் உங்கள் ஆட்டத்தின் அடியைக் காலால் எண்ணிப் பாருங்கள். மூன்று மூன்றாக விழுந்தால் ‘தகிட’ நடையில் பீட் தேடுங்கள், நான்காக விழுந்தால் ‘தகதிமி’. நான்கு நடை பீட்டை எடுத்துக்கொண்டு மூன்று நடைச் சொற்களை அதில் அடைக்கப் போனால் மொழி நொண்டும், பழி மொழிமேல் வரும்.

மூச்சுக்கு வருவோம். 90 அடி வேகத்தில் 16 பார் பாட 43 நொடி ஆகும். மூச்சு தானாக வரும் என்று விட்டுவிடாமல் இரண்டு பாருக்கு ஒரு முறை இரண்டு கட்டம் ஒதுக்கி, தாளில் சாய்கோடு போட்டுவையுங்கள். அந்த இடத்தில் வாயாலும் மூக்காலும் சேர்த்து எடுங்கள். தோள் உயரக்கூடாது, வயிறு விரியவேண்டும். வரி முடிந்தபின் எடுக்கிறவர்களுக்குத்தான் வரிக்கடைசி தேய்கிறது. தமிழில் இது இன்னும் ஆபத்து. வந்தானா வரலையா என்பதே கடைசி அசையில் இருக்கிறது. அது தேய்ந்தால் கேட்பவருக்குக் கதை தலைகீழ். உங்கள் வரிகளிலும் அர்த்தத்தைத் தாங்கும் அசை எது என்று பார்த்து அதற்கு முன்னால் மூச்சை வையுங்கள். தினமும் ஒரு முறை, வீட்டுக்குப் போகும் படிக்கட்டிலோ மேட்டிலோ ஏறிக்கொண்டே எட்டு பார் சொல்லிப் பாருங்கள். மேட்டில் சொல்ல முடிந்த வரி மேடையில் நிற்கும்போது சுலபமாக வரும்.